படத்தின் இரு ஓரங்கள்

குடுமியான்மலையிலிருந்து பல்வலியோடு பஸ் ஏறி, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்குப் போய்த் திரும்பும் ஒருவர், முன்னாளில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தையும் ‘கடினமானதைக் கடிக்காதீர்கள்’ என்ற உபதேசத்தையும் மட்டுமே கொண்டுவந்திருப்பார் என்றால், இந்நாளில் அவற்றோடு ஓரடி நீளமுள்ள கறுப்புப் படம் ஒன்றையும் உறையிலிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறார். ஓ.பி.ஜி. என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படத்தில் மேல்தாடை, கீழ்த்தாடை, முளைத்த பல், முளைக்க மறுத்த பல், வேரில் சீழ்கட்டிய பல் ஆகிய யாவும் ஒரே வரிசையில் விரிந்து கிடக்கும். வலிக்கிற பல் எதுவோ அதன்மேல் வைத்தியர் பேனாவால் ஒரு வட்டமிட்டுக் காட்டுவார். நோயாளியும் அந்த வட்டத்தையே பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவார். ஆனால் அதே படத்தின் மேற்பகுதியில், இடப்புறமும் வலப்புறமும், ஏறக்குறைய விளிம்பையொட்டி, இரண்டு எலும்பு முனைகள் தெரிகின்றன. அவைதாம் கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டுகள். காசு கொடுத்து எடுத்த படத்தில் அவையும் விழுந்திருக்கின்றன. ஆயினும் அவற்றைப் பார்ப்பவரும் இல்லை, பார்த்ததாக எழுதுபவரும் இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் உள்ள வழக்கம் அன்று இது, எங்கும் உள்ளதுதான். எனினும் நம் மாவட்டத்தில் இதைத் திருத்திக்கொள்வதற்கான சாதனங்கள் இப்பொழுது வந்து சேர்ந்திருப்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியமாகிறது.

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடிப்பார்ப்பவருக்கு, விரலுக்கடியில் ஏதோ ஒன்று முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்கி, மூடும்போது மீண்டும் தன் குழிக்குள் போய் அடங்குவது புலப்படும். அந்த ‘ஏதோ ஒன்று’ கீழ்த்தாடையின் குமிழ்முனை. குறுக்கே சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டரும், முன்பின்னாக 8 முதல் 10 மில்லிமீட்டரும் உள்ள இந்தச் சிறிய எலும்பு, பொட்டெலும்பின் அடியிலுள்ள ஒரு குழியில் அமர்ந்திருக்கிறது. இரண்டு எலும்புகளும் நேருக்கு நேர் உரசாதபடி இடையில் நாரும் குருத்தும் கலந்த ஒரு மெல்லிய தட்டு கிடக்கிறது. கதவுக் கீல் போன்ற சுழற்சியும், தண்டவாளத்து ஓட்டம் போன்ற நகர்வும் ஒரே மூட்டில் கூடியிருப்பது சரீரத்தில் அபூர்வம். அதைவிட அபூர்வமானது, ஒரே எலும்பின் இரு நுனிகளும் இரண்டு மூட்டுகளாகி, ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருப்பது. வலது மூட்டுத் தேய்ந்தவர் இடது மூட்டில் வலி என்று வருவதும், ஒரு பக்கமாகவே மெல்லுவதும், நாளடைவில் வாயைத் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாகக் கோணிப்போவதும் இந்த நிர்ப்பந்தத்தின் விளைவுகளே.

இந்த மூட்டு கெடுவதும் படிப்படியாகவே நிகழ்கிறது. முதலில் இடையிலுள்ள தட்டு தன் இருப்பிடத்தைவிட்டு முன்னால் சரிகிறது. வாயைத் திறக்கும்போது குமிழ்முனை அதன்மேல் ஏறுகையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது. வீட்டார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலோருக்கு அந்தச் சத்தத்தோடு விஷயம் முடிந்தும்விடும். சிலருக்கோ ஒரு நாள் காலையில் எழுந்து பல் துலக்கப் போகும்போது வாய் பாதிக்குமேல் திறப்பதில்லை. ‘வாய் பூட்டிக்கிச்சு’ என்று கிராமத்தில் சொல்வார்கள். பிறகு எலும்பின் முறை வருகிறது. உருண்டிருந்த முனை தட்டையாகிறது. மேற்பரப்பு ஆங்காங்கே அரிக்கப்பட்டுக் குழிகிறது. அதற்கடியிலுள்ள எலும்பு இறுகிப் படத்தில் வெண்மை கூடித் தெரிகிறது. முன்புறத்தில் பறவை அலகு போல் ஒரு முள் வளர்கிறது. சில வேளைகளில் உள்ளே சிறு நீர்க்குழிகள் தோன்றுகின்றன. முழங்கால் தேய்மானம் என்றால் ஊரில் அறியாதவர் கிடையாது. அதே தேய்மானம் தாடைக்கும் உண்டு என்பதைச் சொன்னால் படித்தவர்களே வியப்படைகிறார்கள். ஆகையால்தான் இந்த நோயாளி முதலில் காது டாக்டரிடம் போகிறார். அங்கே காதில் ஒன்றுமில்லை என்றதும் பல் டாக்டரிடம் வருகிறார். குழந்தையாக இருந்தால் பொன்னுக்குவீங்கி என்று வேப்பிலை அரைத்துப் போடுகிறார்கள். வயதானவராக இருந்தால் வாயு என்று பூண்டு கொடுக்கிறார்கள். இதில் கிராமத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. 1934ஆம் ஆண்டில் இந்த மூட்டு நோயின் குறிகளைத் தொகுத்து மேல்நாட்டு வைத்திய உலகின் கவனத்தைத் திருப்பிய ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கரே ஒரு காது, மூக்கு, தொண்டை வைத்தியர்தாம். காதுவலி என்று வந்தவர்களிடம்தான் அவரும் இதைக் கண்டார்.

மூட்டு நழுவிப்போவதைப் பற்றிய அறிவு மட்டும் நம் நாட்டில் மிகப் பழையது. கொட்டாவி விட்டவர் வாயை மூடமுடியாமல் நிற்கும் அவஸ்தைக்கு, ஒத்தடம் கொடுத்துத் தாடையைத் தன் இடத்தில் இருத்திக் கட்டுப் போடும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. அது கைக்கு எட்டும் பிழை. கண்ணால் கண்டு, விரலால் திருத்தத்தக்கது. எலும்பின் உள்ளே நடக்கும் சிதைவோ கையாலும் கண்ணாலும் அறிய முடியாதது. அதற்கு 1895ஆம் ஆண்டு நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்கும்வரை மனிதகுலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் என்ற பல் வைத்தியர் தம் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு 25 நிமிஷம் அசையாமல் இருந்து முதல் பல் படத்தை எடுத்துக்கொண்டார். பின்லாந்தில் பாடெரோ என்பவர் முகத்தைச் சுற்றிவரும் கருவியைக் கொண்டு தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டினார், இன்றைய ஓ.பி.ஜி. அதன் வம்சம். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. வந்தது. 1998இல் இத்தாலியின் மோட்ஸோவும் அவருடைய சகாக்களும் பல் வைத்தியத்துக்கென்றே கூம்புக்கற்றை சி.டி.யைப் பற்றி எழுதினார்கள். கதிரைக் கூம்பு வடிவில் பாய்ச்சித் தலையை ஒருமுறை சுற்றிவந்தாலே, நினைத்த கோணத்தில் வெட்டிப் பார்க்கத்தக்க கனப் படம் கிடைத்துவிடும். இந்தக் கருவி இன்று நம் நகரங்களின் தனியார் பரிசோதனைக்கூடங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஓ.பி.ஜி. கருவி பற்களின் வரிசையைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்ற நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. லாடம் போல் வளைந்த ஒரு குறுகிய தளத்துக்குள் இருப்பவை மட்டுமே அதில் கூர்மையாக விழும். தாடை மூட்டோ அத்தளத்தின் கடைசியில், சற்றுச் சாய்ந்த நிலையில் இருக்கிறது. கதிர் அதன் நீளப்போக்குக்கு நேராகப் போவதில்லை. போதாக்குறைக்குக் கன்ன எலும்பின் வளைவும் அதன்மேல் நிழலாய்ப் படிகிறது. மேலும், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து 30 முதல் 50 சதவீதம்வரை கரைந்த பிறகுதான் சாதாரணப் படத்தில் சிதைவு கண்ணுக்குத் தெரியும் என்பது கதிரியலாரின் நீண்டகாலப் பாடம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 700க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இதை எண்களில் சொல்கிறது: சி.டி.யில் உறுதியாகத் தெரிந்த மூட்டுத் தேய்மானத்தில் 26 சதவீதத்தையே ஓ.பி.ஜி. காட்டியது, ஆனால் தேய்மானம் இல்லாதவர்களில் 99 சதவீதத்தினரை அது சரியாகவே ‘இல்லை’ என்றது. எம்.ஆர்.ஐ.கூட எலும்பைப் பொறுத்தவரை 59 சதவீதம்தான். அதன் மேன்மை இடைத்தட்டைக் காட்டுவதில் இருக்கிறது, சி.டி. எதற்கும் தட்டு தெரியாது.

இந்த 26ஐக் கண்டவுடன், ‘பார்த்தீர்களா, ஓ.பி.ஜி.யில் மூட்டைப் பார்த்துப் பயனில்லை’ என்று சொல்பவர்கள் என் தொழில் நண்பர்களிலேயே பலர். என் அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. அதே ஆராய்ச்சியிலுள்ள 99 என்ற எண் சொல்வது என்ன? அந்தப் படத்தில் மூட்டு கெட்டிருப்பதாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் கெட்டேயிருக்கிறது என்பதுதானே? ஓ.பி.ஜி.யில் மூட்டுச் சரியாகத் தெரிவதைக் கொண்டு நோயில்லை என்று சாதிக்கக்கூடாது. கெட்டுத் தெரிவதைக் கண்டும் பேசாமலிருப்பதோ அதனினும் பெரிய குற்றம். இல்லை என்று சொல்லத் தகுதியற்ற ஒரு சாட்சி, உண்டு என்று சொல்லும்போது நம்பத்தக்கதாக இருப்பின், எந்த நீதிபதியும் அந்தச் சாட்சியைக் கூண்டேற்றாமல் விடமாட்டார். நூறு பேருக்குப் பல்லுக்காக எடுத்த படங்களில் இரண்டு மூன்று பேருக்கேனும் மூட்டின் சிதைவு பளிச்சென்று தெரியுமானால், அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பைசாச் செலவும் இல்லை, ஒரு துளிக் கதிரும் இல்லை. பார்க்கும் கண்ணின் சில வினாடிகளே செலவு.

அந்தச் சில வினாடிகள் செலவழிக்கப்படாததால் நேர்வதற்கு ஒரு திருஷ்டாந்தம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற, ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மாள் என்னிடம் வந்திருந்தார். கடைவாய்ப் பல் இரண்டை வேறோரிடத்தில் எடுத்தாகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. ‘பல்லைப் புடுங்கினா சரியாப் போயிரும்னாங்கய்யா. புடுங்கியும் சோத்த ரசத்துல கரைச்சுத்தான் முழுங்குறேன்’ என்றார். ‘வாயைத் தெறங்கம்மா, ஒங்க வெரலையே உள்ள வச்சுக் காட்டுங்க’ என்றேன். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்திப் பல்லிடுக்கில் நுழைக்கும் இந்தப் பரீட்சையில், ஆரோக்கியமான வாய்க்கு மூன்று விரலும் போகும். ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் திறப்பு அது. அந்த அம்மாளுக்கு ஒன்றரை விரலே போயிற்று. முகவாய் வலப்பக்கம் இழுத்தது. வலது காதுக்கு முன்னால் விரல் வைத்தால் மணலை அரைப்பதுபோல் நறநறவென்று தட்டுப்பட்டது. பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த மஞ்சள் உறை ஒன்றை எடுத்தார். பல்லெடுக்குமுன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஓ.பி.ஜி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது மூட்டின் முனை உருண்டையாக, வெண்கோடு சுற்றிவரத் தெளிவாக இருக்கிறது. வலது முனை மழுங்கித் தட்டையாகி, முன்னால் ஓர் அலகு நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தோடு இருந்த காகிதத்தில் இரண்டு பற்களின் எண்கள் மட்டுமே எழுதியிருந்தன. அந்தப் பற்களில் சொத்தை இருந்தது மெய். எடுத்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வலியின் மூலம் அன்றைக்கே அந்தப் படத்தில் கண்முன் இருந்தது. வெந்நீர் ஒத்தடம், மென்மையான ஆகாரம், இரவில் பல்லைக் கடிக்காதிருக்க ஒரு தகடு, தாடைக்குப் பயிற்சி, சிறிது காலத்துக்கு மருந்து என்ற அளவிலேயே இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கத்தி வைக்க வேண்டியவர் மிகச் சிலர். மணப்பாறை முறுக்கை விட்டுவிடச் சொன்னதில்தான் அந்த அம்மாளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் வாய் வலிக்கிற எல்லோருக்கும் கூம்புக்கற்றை சி.டி. எடுத்துவிடலாமே’ என்று கிளம்பினால் அது மற்றொரு தீமை. படத்தில் தெரியும் மாறுதல் வேறு, நோய் வேறு. மூட்டு தட்டையாகியும் ஆயுள் முழுவதும் வலியறியாமல் கரும்பு கடித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். படத்தில் யாதொரு மாறுதலும் இன்றித் தசை வலியால் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளின் குமிழ்முனையில் வெளிப்புற வெண்கோடு முழுமையாக அமைவது இருபது வயதைத் தாண்டும்போதுதான். இதை அறியாதவர் பதினாறு வயதுப் பெண்ணின் படத்தைப் பார்த்து அரிப்பு என்று பயமுறுத்திவிட முடியும். நம் பக்கத்தில் வாய் திறக்காமைக்கு மூட்டல்லாத காரணம் ஒன்றும் மலிந்திருக்கிறது: பாக்கும், பாக்கைப் பொடித்து அடைத்த பொட்டலங்களும் கன்னத்தின் உட்புறத் தோலை நார்போல் இறுக்கிவிடும் நோய் அது. கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினாலே தெரிந்துவிடுகிற அந்த நோய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து மூட்டைப் படமெடுப்பது விவேகமாகாது. ஓ.பி.ஜி. ஒன்றால் சேரும் கதிரின் அளவு, வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் இயற்கையாகச் சில நாட்களில் நாம் பெறுவதற்குச் சமம், கூம்புக்கற்றை சி.டி.யில் அது கருவிக்கும் படமெடுக்கும் பரப்புக்கும் தக்கபடி பன்மடங்காகலாம். ஆகவே வரிசைக்கிரமம் இவ்வாறு இருக்கவேண்டும் என்பது என் துணிபு: முதலில் கேள்வியும் கையும், பிறகு, ஏற்கெனவே எடுத்த படத்தின் ஓரம், அவற்றில் ஐயம் எழுந்தால் மட்டுமே புதிய கருவி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கருவி வாங்கிய கடனை அடைப்பதற்காக நோயாளியைக் கருவிக்குள் அனுப்பும் போக்கு எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அது கண்டிக்கத்தக்கது.

இனி நம் மாவட்டத்தின் விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2023ஆம் ஆண்டு நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன. சென்னையில் 1953இல் தொடங்கிய பல் வைத்தியக் கல்விப் பகுதி பிற்காலத்தில் தனிக் கல்லூரியாக வளர்ந்த கதையை நினைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு 50 மாணவர் படிக்கத்தக்க ஒரு கல்லூரி இந்த வறண்ட பூமிக்கு வந்திருப்பது சாமான்யமான காரியமன்று. அங்கே நாள்தோறும் படங்கள் எடுக்கப்படும். அவை அனைத்தும் கம்ப்யூட்டரில் சேரும். அந்தப் படங்கள் என்ன ஆகப்போகின்றன என்பதே என் கேள்வி.

இக்கேள்வியைக் குடுமியான்மலையில் நின்றுகொண்டு கேட்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. சிகாநாதசுவாமி கோயிலின் பின்புறம், குன்றைக் குடைந்த மேலைக்கோயிலின் பக்கத்துப் பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டினதென்று லிபியைக் கொண்டு கணிக்கப்படும் சங்கீத சாசனம் 38 வரிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழு ராகங்களின் ஸ்வரக் கோவைகளை அத்தனை நுட்பமாகக் கல்லில் பதித்துவைத்தவன் மகேந்திரவர்ம பல்லவன்தானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. வழக்கில்லாத சங்கதி ஒன்று: 1904இல் சாசன இலாகாவினர் வந்து படியெடுக்கும்வரை, அந்தப் பாறைக்கருகில் தலைமுறை தலைமுறையாக ஆடுமேய்த்தவர்களும் சுவாமி கும்பிட்டவர்களும் அதைப் பார்த்தார்களே ஒழிய, அதிலிருப்பது இன்னதென்று உலகம் அறியவில்லை. அதன் பின்னர் நடந்தது இன்னும் பாராட்டத்தக்கது. குடுமியான்மலை ஒன்றிலேயே நூற்றுக்கு மேற்பட்ட சாசனங்கள் உண்டு; இதுபோல் ஊர் ஊராகச் சிதறிக்கிடந்த கல்லெழுத்துகளையெல்லாம் படியெடுக்கச் செய்து, அரச வம்ச வரிசைப்படி அடுக்கி, 1929இல் ஒரு நூலாகவே புதுக்கோட்டைச் சமஸ்தானம் அச்சிட்டது. அப்பொழுது அதன் பரப்பு இப்போதைய மாவட்டத்தினும் சிறியது; வருமானமோ சொற்பம். எங்கோ ஒரு தனிச் சாசனம் சொல்லாத விஷயத்தை, நூற்றுக்கணக்கானவற்றை வரிசைப்படுத்தியபோது அவை சேர்ந்து சொல்லின. இந்தப் பிரதேசத்தின் சரித்திரமே அவ்வாறுதான் எழுதப்பட்டது.

தாடை எலும்பிலும் அதே காரியத்தைச் செய்யலாம். ஆரோக்கியமான மூட்டின் வடிவம் இன்னது, குழியின் ஆழம் இவ்வளவு, இடமும் வலமும் எவ்வளவு வித்தியாசப்பட்டால் அது இயல்பு, எந்த வயதில் தேய்மானம் தலைகாட்டுகிறது என்பனவற்றுக்கெல்லாம் நம் மாணவர்கள் மேல்நாட்டுப் புத்தகங்களின் அளவுகளையே உருப்போடுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் ஏற்கெனவே எடுத்த படங்களைக் கொண்டே மூட்டின் வடிவங்களை அளந்து கட்டுரைகள் வெளியிடுகிறார்கள், வரவேற்கத்தக்கதே. ஆனால் அவை பெரும்பாலும் நகரத்து வாய்கள். வெற்றிலை புகையிலையை இருபது வயதிலிருந்து ஒரே கன்னத்தில் அடக்கி மென்றவர், கடைவாய்ப் பற்களை இளமையிலேயே இழந்து முன்பல்லால் சமாளித்தவர், பல் கட்டிக்கொள்ள வசதியின்றிப் பொக்கை வாயோடு காலந்தள்ளியவர் ஆகியோரின் மூட்டு என்ன ஆகிறது என்பதற்கு அன்னவாசல், இலுப்பூர், விராலிமலைப் பக்கத்துப் படங்கள்தாம் பதில் சொல்லவேண்டும். பெயரையும் விலாசத்தையும் நீக்கிவிட்டு, வயது, ஆணா பெண்ணா, இருக்கிற பல்லின் எண்ணிக்கை, மெல்லும் பழக்கம், வாய் திறக்கும் அளவு ஆகியவற்றை மட்டும் படத்தோடு சேர்த்து வைத்தால் போதும். நோயாளியின் சம்மதமும் கல்லூரியின் நெறிக்குழு அனுமதியும் இதற்கு வேண்டும். அவை பெறமுடியாதவை அல்ல. ஆராய்ச்சிக்கென்று ஒருவர்மீதும் புதிதாகக் கதிரைப் பாய்ச்ச வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் பெரிய தர்மம்.

இவ்வாறு படிக்கத் தொடங்கினால் முதலில் பயனடைவோர் குழந்தைகளும் பெண்களும். வரப்பிலும் மாமரத்திலும் மாடிப்படியிலும் முகவாய் மோத விழுகிற குழந்தைக்கு, தாடையில் ஒரு தையல் போட்டு அனுப்பிவிடுகிறோம். அடி முகவாயில் பட்டாலும் முறிவு மேலே குமிழ்முனையில் நேர்வதுண்டு. கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய், வாய் திறவாமல், கீழ்த்தாடை வளராமல் முகமே குறுகிவிடும். பிறகு செய்யவேண்டிய அறுவை சிகிச்சை பெரிது. பெற்றோர் படும் பாடு அதைவிடப் பெரிது. முகவாயில் காயத்தோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்கு முன்னால் தொட்டுப் பார்ப்பதும், ஐயமிருந்தால் படமெடுப்பதும், சில மாதங்கள் கழித்து வாய் திறக்கும் அளவை மறுபடி பார்ப்பதும் சட்டம்போல் ஆகவேண்டும்.

பெண்களைப் பற்றிய செய்தி வேறு வகையானது. மூட்டுத் தேய்மானத்தோடு அதைப் போட்டுக் குழப்பக்கூடாது. மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி குறையும் நோயை அளக்கும் டெக்ஸா கருவி கிராமத்துக்கு எட்டாத பொருள். இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் நோய் வெளிப்படுகிறது. ஓ.பி.ஜி.யில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பாக ஓடும் கெட்டி எலும்புப் பட்டை 3 மில்லிமீட்டருக்குக் குறைந்து மெலிந்திருந்தாலும், அதன் உட்கரை அரித்ததுபோல் சிதைந்திருந்தாலும், அந்தப் பெண்ணை எலும்படர்த்திப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது என்று, 1994இல் பின்லாந்தின் கிளெமெட்டி வகுத்த முறையும் அதன்பின் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் செய்த ஆராய்ச்சியும் காட்டியிருக்கின்றன. பல்லுக்காக எடுத்த படம் இடுப்பைக் காப்பாற்றக்கூடும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். அளவுகோலை வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இதற்கெல்லாம் நேரமேது, ஆளேது என்று கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியின் காலை நேரக் கூட்டத்தை அறிந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஒரு பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் வாசலில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிற இடத்தில், ஓரத்தைப் பார் என்று கட்டுரை எழுதுவது எளிது. ஆனால் இதற்கு வேண்டியது புதிய கட்டடமோ கோடிக்கணக்கான கருவியோ அன்று. படத்தோடு தரும் அறிக்கைத் தாளில் ‘வலது மூட்டு, இடது மூட்டு, தாடை அடிவிளிம்பு’ என்று மூன்று வரிகளை அச்சடித்துவிட்டு, அவற்றைக் காலியாக விட்டால் அறிக்கை முடிவதில்லை என்று ஒரு விதி செய்தால் போதும். வாய் மருத்துவமும் கதிரியலும் பட்டமேற்படிப்பில் தனித்துறையாகவே இருக்கிறது. அத்துறை ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு பிற்பகல், சேர்ந்த படங்களின் மூட்டுகளை மாணவர்களோடு உட்கார்ந்து படிப்பாரானால், அந்த 50 பேரும் தம் ஆயுள் முழுவதும் எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் ஓரத்துக்கே கண்ணைச் செலுத்துவார்கள். படித்துக்கொடுக்கும் கணினி நிரல்கள் வருகின்றன என்கிறார்கள், வரட்டும். நம் ஊர் மூட்டுகளை ஒழுங்காகப் படித்துக் குறித்துவைத்த தொகுப்பு நம்மிடம் இல்லாவிட்டால், அவை வேறெங்கோ உள்ள மூட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்து நம் நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்லும்.

கல்லூரியாரும் மாவட்ட சுகாதார அதிகாரிகளும் இந்த மூன்று வரி விதியை வரும் கல்வியாண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் வேண்டுகோள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயைத் திறக்கும்போது வலி, பூட்டிக்கொள்ளுதல், மூன்று விரல் நுழையாமை ஆகியவற்றில் எது இருந்தாலும், பல்லைப் பிடுங்கச் சம்மதிக்குமுன் மூட்டையும் பார்த்தீர்களா என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. முன்பு எடுத்த ஓ.பி.ஜி. வீட்டுப் பரணில் கிடந்தால் அதைக் குப்பையில் போடவேண்டாம். அடுத்த முறை போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். மூட்டு தேய்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.